கணுக்கால் பிடி

வேலையை விடுவதில் நைனாவை மிஞ்ச ஆள் கிடையாது. தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் மூட்டை தூக்கினார், மூன்று வாரம். விறகு மண்டியில் கோடாலி பிடித்தார், ஒன்பது நாள். அசோக் நகரில் வரிசையாக வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த சமயம், கல் சுமக்கப் போனார். காலையில் போனவர் மத்தியானச் சோற்றுக்கு வீட்டில் இருந்தார். ஏன் என்று கேட்டால் முகம் சுளிக்காமல் ஒரே பதில் சொல்வார்.

"ஒத்து வரல மாஸ்டர். உட்டுட்டேன்."

நான் அப்போது மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். எழுபதுகளின் தொடக்கம். எனக்குக் கோபம் மூக்கு நுனியில்; அவருக்குக் கோபம் என்பதே கிடையாது. அடையாற்றங்கரைக் குடிசைகளில் ஒன்றில் மனைவியோடும் ஒரு மகளோடும் இருந்தார். எல்லாரும் நைனா என்று கூப்பிட்டார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவென்று நான் கேட்கவே இல்லை. கேட்டிருக்கவேண்டும்.

இப்படி எதையும் மூன்று வாரத்துக்கு மேல் பிடித்து வைத்துக்கொள்ளாத மனிதர், சடுகுடுவில் கணுக்கால் பிடிப்பவர் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? ஆற்றோரத்து செட்டுக்கு, அதாவது அந்தக் குடிசைக்காரர்களின் அணிக்கு, பிடிகாரர் அவர்தான். அவர் கையில் கால் சிக்கிவிட்டால், சிக்கியவன் தன் குலதெய்வத்தை நினைத்துக்கொள்ளவேண்டியதுதான்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். எதிராளி ஒரே மூச்சில் 'சடுகுடு சடுகுடு' என்று பாடிக்கொண்டு நம் பக்கம் வருவான். பிடிபட்டாலும் பாட்டு அறுபடாமல் நடுக்கோட்டைத் தொட்டுவிட்டான் என்றால் பிடித்தவன் அவுட். பாட்டு நின்றால், ஒரு நொடி மூச்சு வாங்கினாலும், வந்தவன் அவுட். நின்ற கணத்தில் நடுவர் விசில் ஊதவேண்டும். ஊதியதும் பிடியை விடவேண்டும். ஆற்றுமணலில் நடந்த ஆட்டங்களுக்கு நடுவர் நான். டிரில் மாஸ்டர் கழுத்தில்தான் விசில் தொங்குமே, சும்மா கிடைத்த ஆள்.

நைனா குள்ளம். கழுத்து என்று தனியாக ஒன்று இருந்ததாக ஞாபகமில்லை. காதுகள் இரண்டும் மிதிபட்டு மிதிபட்டு மடங்கிப்போயிருக்கும். ஆட்டத்துக்கு முன்னால் ஒரு ஓரமாகக் குந்திக்கொண்டு, பழைய பிளேடால் பத்து விரல் நகத்தையும் ஒட்ட வெட்டிக்கொள்வார். மற்றவர்கள் நகம் வளர்த்துக்கொண்டு வந்து கீறுகிற காலம் அது. இவரோ, "புடிக்கணும் மாஸ்டர், பொறாண்டக் கூடாது. நாம இன்னா பூனையா?" என்பார்.

அந்த நாளில் சடுகுடு என்பது விளையாட்டு என்று யாராவது சொன்னால் நான் சிரிப்பேன். அடிதடிக்கு ஒரு கோடு கிழித்து வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். ஒருமுறை வேளச்சேரியிலிருந்து ஒரு செட் வந்தது. அப்போது வேளச்சேரி ஏரியும் வயலுமாகக் கிடந்த ஊர். ஏர் ஓட்டுகிற ஆள் ஒருவன் பாடி வந்தான். நைனா பாய்ந்து அவன் வலது கணுக்காலைப் பிடித்து மார்போடு சேர்த்துக்கொண்டார். அவன் இடது குதிகாலால் நைனாவின் முகத்தில் உதைத்தான். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது உதையில் ரத்தம் மணலில் தெறித்தது. ஐந்தாவது உதைக்குக் காலைத் தூக்கும்போது அவன் பாட்டு நின்றது, நான் ஊதினேன். அந்தக் கணமே நைனா இரண்டு கையையும் விரித்து விட்டுவிட்டார். எழுந்து உட்கார்ந்து, முன்பற்கள் இரண்டைத் துப்பி, உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கேட்டார்.

"விட்டுத் தொலைச்சிருக்கலாமே நைனா! பல்லு போச்சே!" என்று கத்தினேன்.

"பாட்டு நிக்கலியே" என்றார், ரத்த வாயோடு.

உதைத்தவனே ஓடிவந்து தண்ணீர்க் குடத்தைச் சாய்த்துப் பிடித்தான். இவர் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார். எனக்கானால் அவனைக் கீழே தள்ளி மிதிக்கலாம் போல இருந்தது.

ஆட்டம் முடிந்த பிறகு சண்டை வரும். வராத நாள் கிடையாது. எல்லைக்கு நட்ட கழிகளைப் பிடுங்குவார்கள், சைக்கிள் செயினை உருவுவார்கள். அப்போது முதலில் ஓடுகிறவர் நம் நைனாதான். வேட்டியைத் தூக்கிக்கொண்டு பாலம் வரை ஓடுவார். பயந்தாங்கொள்ளி என்று அவர் செட்டுக்காரர்களே கேலி செய்வார்கள். "ஆட்டம்தான் முடிஞ்சிபோச்சே, அப்பால இன்னாத்துக்கு அடிச்சிக்கினு?" என்பார். கடைசிவரை பிடிக்கவேண்டியது எது, அந்த இடத்திலேயே விடவேண்டியது எது என்பது அவருக்கு ரத்தத்தில் ஊறியிருந்தது. எனக்கு இன்றுவரை அது வரவில்லை.

ஜவுளிக்கடையை விட்ட கதையும் அப்படித்தான். அங்கே மேனேஜர் ஒருவர், மூட்டை தூக்குகிற கிழவர் ஒருவரைக் கஜக்கோலால் முழங்காலில் அடித்தாராம். நைனா தன் தலைமேலிருந்த மூட்டையை நடுத்தெருவில் மெதுவாக இறக்கி வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். மேனேஜர் துரத்திவந்து அதே கோலால் இவர் முதுகில் சாத்தினார். கோல் முறிகிற வரை சாத்தினாராம். இவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்து வந்திருக்கிறார். அன்றைக்கு நான் அவர் வீட்டில் இருந்தேன். முதுகில் தடித்துக் கிடந்த வரிகளைப் பார்த்ததும் அவர் மனைவி பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டாள்.

"வாங்கிக்கினு வந்துட்டியா? அந்தக் கயித மூஞ்சில ரெண்டு குத்து வுட்டியா? இல்ல, கும்புட்டுட்டு வந்தியா?"

"வேலயே வேணாம்னு வந்தாச்சி. அவனாண்ட இன்னா பேச்சு?"

அவள் கையிலிருந்த கரண்டியை அவர் மேல் வீசினாள். நெற்றியில் பட்டது. தடவிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தார். பல்லில்லாத இடம் தெரிந்தது.

இப்போது என் கதைக்கு வருகிறேன். சொல்லப் பிடிக்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

ஒரு காணும் பொங்கலன்று நான் விசில் ஊதியது தகராறாகிவிட்டது. பாடி வந்தவன் பாட்டு நின்றது என்று ஊதினேன். நிற்கவே இல்லை என்று அவன் சாதித்தான். கூட்டம் என்னைச் சூழ்ந்துகொண்டது. ஒருவன் கன்னத்தில் விட்டான். கண்ணாடி எகிறி விழுந்து யார் காலடியிலோ நொறுங்கியது. சட்டையைக் கிழித்து, விசிலைக் கயிற்றோடு இழுத்ததில் கழுத்தில் தோல் கிழிந்துவிட்டது. நைனாதான் என்னைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை இழுத்துக்கொண்டு ஓடினார். மறுநாள் பள்ளிக்கூடத்தில் வீங்கிய கன்னத்தோடு பிரேயரில் நின்றேன். பையன்கள் சிரித்தார்கள். அந்த அவமானம் எனக்குள் புண்ணாக உட்கார்ந்துவிட்டது.

அடுத்த வருஷக் காணும் பொங்கல். ஆற்றோரத்து செட்டும் மயிலாப்பூர் செட்டும் கடைசி ஆட்டம். புள்ளிகள் சமமாக நின்றன. ஆற்றோரத்துப் பக்கம் எல்லாரும் அவுட்டாகி நைனா ஒருவர்தான் மிச்சம். மயிலாப்பூர்ப் பக்கத்திலிருந்து பாடி வந்தவன் சைக்கிள் ரிக்‌ஷா மிதிக்கிற பையன். கல்யாணமாகிக் கைக்குழந்தை ஒன்று உண்டு. தெப்பக்குளத்து ஸ்டாண்டில் நிற்பான். என் மனைவியை இரண்டு தடவை பிரசவத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவன். அவன் வீட்டில் அடுப்பு எரிவது அந்த இரண்டு காலால்தான் என்று எனக்கும் தெரியும், நைனாவுக்கும் தெரியும்.

அவன் உதைத்துவிட்டுத் திரும்புகிற நொடியில் நைனா விழுந்து வலது கணுக்காலைப் பிடித்தார். அவன் குப்புற விழுந்தான். விழுந்தவன் மணலைப் பிறாண்டிக்கொண்டு கோட்டை நோக்கி நீந்தினான். விரல் நுனிக்கும் கோட்டுக்கும் ஒரு சாண் இருக்கும். நான் பக்கத்தில் மண்டியிட்டேன். இரண்டு செட்டும் போட்ட கூச்சலில் மற்றவர்களுக்கு எதுவும் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. அவன் 'சடுகுடு சடுகுடு' என்று சொல்லிக்கொண்டிருக்க, நைனா அவன் காலைக் கட்டிக்கொண்டு கெஞ்சினார்.

"பாட்ட உட்ரு தம்பி. காலு திரும்பிக்கினு கீது. சொன்னா கேளு, உட்ரு."

அவன் இன்னொரு காலால் நைனாவின் நெற்றியில் உதைத்தான். புருவம் கிழிந்து ரத்தம் கண்ணில் இறங்கியது. நைனா கண்ணை மூடிக்கொண்டார், பிடியை விடவில்லை.

அப்போது பாட்டு நின்றது.

சந்தேகமே இல்லை. 'சடு' என்பதோடு அறுந்து, தொண்டையில் ஒரு இழுப்பு இழுத்து, காற்றை வாங்கிக்கொண்டு, மறுபடி 'சடுகுடு' என்று தொடங்கினான். அவன் அவுட். விசில் என் பல்லுக்கிடையில் இருந்தது. நான் ஊதவில்லை. போன வருஷம் வாங்கிய அறை அந்த நேரம் பார்த்துக் கன்னத்தில் எரிந்தது. இன்னொரு தடவை நிற்கட்டும், ஊரே கேட்கிற மாதிரி நிற்கட்டும், அப்புறம் ஊதலாம் என்று இருந்துவிட்டேன். அவன் புது மூச்சின் வேகத்தில் உடம்பை முறுக்கிக் கோட்டுக்குப் பாய்ந்தான். முருங்கைக் கிளை முறிகிற சத்தம் கேட்டது.

அவன் அலறினான். அப்போதுதான் ஊதினேன், பாவி.

நைனா அந்தக் கணமே விட்டுவிட்டார். பாதம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு துவண்டு கிடந்தது. மயிலாப்பூர் செட் கழிகளோடு பாய்ந்தது. வழக்கமாக ஓடுகிற மனிதர் அன்றைக்கு ஓடவில்லை. முதுகிலும் தோளிலும் கழி விழ விழ அந்தப் பையனை வாரித் தூக்கினார். பாலத்தடியில் அவனுடைய ரிக்‌ஷாவே நின்றது. அதில் கிடத்தி, ஜென்மத்தில் ரிக்‌ஷா மிதித்தறியாதவர் ஏறி மிதித்தார். பையனின் அண்ணன், தம்பியை மடியில் போட்டுக்கொண்டு பின்னால் உட்கார்ந்து, ஆஸ்பத்திரி வரும்வரை நைனாவின் இடுப்பில் உதைத்துக்கொண்டே வந்தான். நான் சைக்கிளில் பின்தொடர்ந்தேன். ஒவ்வொரு உதைக்கும் வண்டி ஒரு பக்கமாக இழுத்து, மறுபடி நேரானது.

ஆஸ்பத்திரியில் அந்தப் பையன் வலியில் நாக்கைக் கடித்துக்கொண்டு என் கையைப் பிடித்தான்.

"நான் பாட்ட உடல மாஸ்டர். நீ பார்த்த இல்ல? கடைசி வரிக்கும் உடல."

நான் தலையாட்டினேன்.

எலும்பு கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. பாதம் உள்பக்கமாகத் திரும்பிக்கொண்டது. நடக்கலாம், கோலூன்றி. மிதிக்க முடியாது. டாக்டர் இதைச் சொன்ன மறுநாள் காலை, நைனா அவன் வீட்டு வாசலில் போய் நின்று ரிக்‌ஷாவைக் கேட்டார். அவன் மனைவி சாணித் தண்ணியை வாளியோடு தலையில் ஊற்றினாள். துடைத்துக்கொண்டு, வண்டியை எடுத்துக்கொண்டு ஸ்டாண்டுக்கு வந்தார்.

மூன்று வாரம் தாங்குவார் என்று நான் நினைத்தேன். சித்திரை வெயிலில் மிதித்தார். ஐப்பசி மழையில், முழங்கால் தண்ணீரில் வண்டியைக் கையால் தள்ளிக்கொண்டு போனார். கிடைத்ததில் பாதியைச் சாயங்காலம் அந்த வீட்டு வாசற்படியில் வைத்துவிட்டு, வண்டியைக் கொல்லையில் நிறுத்திவிட்டுப் போவார். பையனின் அண்ணனுக்கு மனது கொதிக்கிற நாளெல்லாம் ஸ்டாண்டுக்கே வந்து அடித்தான். ஒருநாள் சைக்கிள் பம்பால் அடித்ததில் இவர் இடது கை சுண்டுவிரல் வளைந்து அப்படியே நின்றுவிட்டது. இவர் கையை ஓங்கினதே இல்லை. சொந்த வீட்டிலோ அவர் மனைவி, "ஊரான் பொண்டாட்டிக்கு ஒலை வெச்சிட்டுத்தான் நம்ம வூட்டுக்கு வருவியா?" என்று பாத்திரத்தை வீசினாள். அதற்கும் ஒதுங்கவில்லை.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நான் சும்மா இருந்தேன். பத்து மாதம்! எவனுக்காவது கிராப்பு சரியில்லை என்றால்கூடப் பிரம்பெடுக்கிற மாஸ்டர், பத்து மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். சோறு இறங்கவில்லை. ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே ஸ்டாண்டுக்குப் போனேன். நைனா வண்டியடியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"நைனா, தப்பு என்னுது. அன்னிக்கு அவன் பாட்டு நின்னது. எனக்குக் கேட்டுச்சு. பயந்துகிட்டு ஊதாம இருந்துட்டேன்" என்று கொட்டிவிட்டேன். அழுதுவிட்டேன் என்றும் சொல்லவேண்டும்.

அவர் டீயைக் குடித்து முடித்தார்.

"எனக்குந்தான் கேட்டுது மாஸ்டர்."

"என்னது?"

"காலு என் மாருல கீது. அவன் மூச்சு வாங்கினது எனக்குத் தெரியாதா? அவன் அவுட்டு. அப்பால அந்தக் காலு எனக்கு இன்னாத்துக்கு? உட்டிருக்கலாம். நீ ஊதுவ, ஊதுவன்னு கெடந்தேன். உடல."

கோபம் வந்தது. எனக்கு வருவது அது ஒன்றுதானே.

"ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிருக்கு! அவன் மூச்சு வாங்கி ஏமாத்தினான், நான் ஊதல. ரூல்படி உம்மேல தப்பே இல்ல. நீ ஏன்யா தினம் அடி வாங்கிச் சாவுற? வா, இப்பவே போய்ச் சொல்றேன். அவன் அண்ணன் என்னை வெட்டினாலும் பரவாயில்ல."

நானாகவே ரிக்‌ஷாவில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். அவர் மிதித்தார். வண்டி மாடவீதிக்கு வந்தது. பிறகு திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"சொல்லாத மாஸ்டர்."

"ஏன்?"

"அவன் வாசல்ல குந்திக்கினு, வரவன் போறவனாண்டல்லாம் அத்தயேதான் சொல்லிக்கினு கீறான். காலு ஒடஞ்சும் நான் பாட்ட உடலன்னு. அவன் பொண்டாட்டி புள்ளைக்குச் சோறு ஊட்டறப்போ அதத்தான் கதயா சொல்லுது. காலு போச்சு. அவனாண்ட மிச்சம் கீறது அது ஒண்ணுதான். நீ போயி அத்தயும் புடுங்கப் போறியா?"

"அப்போ உன் கதி?"

"எனக்கு இன்னா, மிதிச்சிக்கினு கீறேன்."

அதற்குள் வண்டி பையன் வீட்டுச் சந்துக்குள் நுழைந்துவிட்டது. பையன் வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். கோணல் பாதம் வெளியே தெரிந்தது. அவன் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அண்ணன் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தான்.

"மாஸ்டரே வந்துட்டாருடா! எதிர்வூட்டுக்காரன் நம்ப மாட்டேன்றான் இல்ல? கேளு அவர."

பக்கத்து வீட்டு ஆட்களும் எட்டிப் பார்த்தார்கள். பையன் கோலை ஊன்றி எழுந்து நின்றான்.

"நீயே சொல்லு மாஸ்டர். அன்னிக்கு நான் பாட்ட உட்டனா?"

நைனாவைப் பார்த்தேன். அவர் குனிந்து வண்டிச் சங்கிலியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"விடலப்பா" என்றேன். "எலும்பு முறியறவரைக்கும் விடல. என் சர்வீஸ்ல அப்படி ஒரு பாட்டு நான் கேட்டதில்ல."

அவன் முகம் மலர்ந்தது. பத்து மாதத்தில் அவன் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். அவன் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அண்ணன் திரும்பி நைனாவின் சட்டையைப் பிடித்துத் தூக்கினான்.

"கேட்டுக்கினியாடா பேமானி? உசுரே போனாலும் பாட்ட உடாத ஆளுடா எந்தம்பி. அவன் காலயாடா ஒடச்ச?"

ஓங்கி ஒரு அறை விட்டான். நைனா ரிக்‌ஷாச் சக்கரத்தின் மேல் சாய்ந்து, சமாளித்து நிமிர்ந்தார். உதட்டோரத்தில் கசிந்ததைத் தோளில் துடைத்துக்கொண்டு, வாசலில் நின்ற பையனைப் பார்த்துச் சொன்னார்.

"ஆமா தம்பி. நீ உடவே இல்ல."